இடிக்கும் முன்னே

பழைய பங்கு இல்லம் ஒன்று. இரண்டடிக் கனமுள்ள சுண்ணாம்புச் சுவர்கள், தேக்கு உத்திரங்கள், காற்றுக்கென்றே வைத்த உயரமான சன்னல்கள். மூன்று தலைமுறைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளும் திருமணப் பதிவேடுகளும் இருந்த அலமாரி அங்கேதான் நின்றது. இப்போது பக்கத்தில் புதிய இல்லம் எழுந்துவிட்டது. பழையது பூட்டிக் கிடக்கிறது. ஐப்பசி மழையில் ஒரு மூலை ஒழுகுகிறது. கூரை விளிம்பில் அரசங்கன்று ஒன்று வேர்விட்டிருக்கிறது. பங்குப் பேரவை கூடுகிறது. "இடித்துத் தள்ளிவிட்டு ஒரு மண்டபம் கட்டினால் வருமானமாவது வரும்" என்கிறார் ஒருவர். மூலையில் அமர்ந்திருக்கும் பெரியவர் மெல்ல எழுந்து, "எங்கள் பாட்டன் சுண்ணாம்பு அரைத்துக் கொடுத்த சுவர், சாமி" என்கிறார். அதற்கு மேல் வாதாட அவருக்குத் தெரியவில்லை. அமர்ந்துவிடுகிறார்.

இத்தகைய காட்சியைக் காணாத பங்கு நம் நாட்டில் இன்று மிகச் சிலவே இருக்கும். பங்கு இல்லமாக இராவிட்டால் பழைய பள்ளிக்கூடமாக இருக்கும். கன்னியர் மடமாக இருக்கும். சில இடங்களில் கோவிலாகவே இருக்கும். பெரியவர் சொல்ல முடியாமல் அமர்ந்த அந்த வாதத்தை அவருக்காக நாம் சற்றே சொல்லிப் பார்த்தால் என்ன? பழைய கட்டடம் ஒன்றை, அதன் பழைய வேலை முடிந்த பின்பு, வேறொரு நல்ல வேலைக்கு அமர்த்துவது என்பது இன்று உலகின் பெருநகரங்களெல்லாம் கருத்தூன்றிப் பேசும் பொருள். ஆனால் திருச்சபைக்கு அது புதிய கலையன்று. அதற்குச் சான்று உரோமை நகரிலேயே இருக்கிறது.

உரோமை இரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே செங்கல் மலைபோல் ஒரு பாழடைந்த கட்டடம் தெரியும். தியோக்கிளேசியன் பேரரசனின் பெயரால் 298-ஆம் ஆண்டுத் தொடங்கி 306-ஆம் ஆண்டளவில் முடிந்த பொதுக் குளியல் மாளிகை அது. ஏறத்தாழ 32 ஏக்கர் நிலப்பரப்பில் வெந்நீர்க் கூடங்கள், குளிர்நீர்க் கூடங்கள், நீச்சல் குளம், உடற்பயிற்சி முற்றங்கள் என விரிந்திருந்தது. இந்த மன்னன் யாரென்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 303-ஆம் ஆண்டில் கிறிஸ்தவர்களுக்கு எதிராகக் கொடிய ஆணைகளைப் பிறப்பித்தவன். வேதசாட்சிகள் பலரின் வரலாறுகளில் அவன் பெயர் இரத்தத்தால் எழுதப்பட்டிருக்கிறது. இம்மாளிகையைக் கட்டிய அடிமைகளில் கிறிஸ்தவர்கள் பலர் இருந்தனர் என்பது உரோமையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

537-ஆம் ஆண்டில் கோத்தியர் நகரை முற்றுகையிட்டு நீர்க்கால்வாய்களை அறுத்தனர். தண்ணீர் நின்றது, குளியல் மாளிகையின் வேலையும் நின்றது. அதன்பின் ஆயிரம் ஆண்டுகள் அது கேட்பாரற்றுக் கிடந்தது. வேண்டியவர்கள் கல்லையும் பளிங்கையும் பெயர்த்துச் சென்றனர்.

சிசிலித் தீவைச் சேர்ந்த அந்தோனியோ லோ தூக்கா என்னும் எளிய குருவானவர் ஒருவர் இருந்தார். வானதூதர்கள்மீது மிகுந்த பக்தி கொண்டவர். 1541-ஆம் ஆண்டு ஒரு நாள், அந்தப் பாழிடத்திலிருந்து வெண்ணொளி எழுவதாகக் காட்சி கண்டார். அவ்விடம் சம்மனசுகளுக்கும் வேதசாட்சிகளுக்கும் உரிய கோவிலாக வேண்டும் என்று அன்றே தீர்மானித்துவிட்டார். தீர்மானிப்பது எளிது, காரியம் நடக்க இருபது ஆண்டுகள் ஆயின! பாப்பரசர்கள் ஒருவர்பின் ஒருவராக மாறினார்கள். இவர் மட்டும் மாறாமல் விண்ணப்பம் கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் 1561-இல் நான்காம் பத்திநாதர் இசைந்தார். வேலையை ஒப்படைத்தது மைக்கேல் ஆஞ்சலோவிடம். அப்போது அவருக்கு வயது 86.

அந்த முதியவர் செய்ததை, அல்லது செய்யாமல் விட்டதை, நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். புகழுக்குக் குறைவில்லாத அந்தக் கலைஞர் நினைத்திருந்தால், அனைத்தையும் தரைமட்டமாக்கித் தம் பெயர் சொல்லும் புதுக் கோவில் ஒன்றை எழுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. குளிர்நீர்க் கூடத்தின் மாபெரும் வளைவுக் கூரை சிதையாமல் நின்றது. அதன்கீழ் எகிப்திலிருந்து வந்த செந்நிறக் கருங்கல் தூண்கள் எட்டும் நின்றன. அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, திறந்து கிடந்த பக்கங்களை அடைத்து, தரையைச் செப்பனிட்டு, பீடத்துக்கு இடம் கண்டார். தரையை உயர்த்த வேண்டியிருந்ததால் தூண்களின் அடிப்பகுதி இன்றும் மண்ணுக்குள் மறைந்தே இருக்கிறது. பின்னாளில் வந்த வேறொரு கட்டடக் கலைஞர் அவற்றுக்கு இணையாகச் செங்கல்லில் தூண்கள் எழுப்பிக் கருங்கல் போலவே வண்ணம் பூசி வைத்தார். தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்! புனித கன்னிமரியும் வானதூதர்களும் வேதசாட்சிகளும் பெயர் தந்த பேராலயம் அது. துன்புறுத்தியவனின் குளியலறையில் இன்று திவ்விய பலிபூசை நடைபெறுகிறது.

கதை அத்துடன் முடியவில்லை. அதே மாளிகையின் வட்டக் கோபுரம் ஒன்று 1598-இல் புனித பெர்நார்து ஆலயமாயிற்று. வேறு சில கூடங்களை 1575-இல் பதின்மூன்றாம் கிரகோரியார் நகர மக்களின் தானியக் களஞ்சியமாக்கினார். பஞ்ச காலத்துக்கு வேண்டிய கோதுமை அங்கே குவிந்தது. மற்றொரு பகுதியில் கார்த்தூசிய முனிவர்களின் மடம் எழுந்தது. அம்மடமே 1889-இல் தேசிய அருங்காட்சியகமாயிற்று. எண்கோணக் கூடம் ஒன்று 1928-இல் விண்மீன்களைக் காட்டும் கோளரங்கமாகவும் விளங்கிற்று. பேராலயத்தின் தரையிலோ, 1702-ஆம் ஆண்டில் பியாங்கினி என்னும் வானநூல் அறிஞர், பதினோராம் கிளெமெந்து பாப்பரசரின் ஆணைப்படி, ஏறத்தாழ 45 மீட்டர் நீளத்துக்கு ஒரு பித்தளைக் கோட்டைப் பதித்தார். சுவரில் உயரே ஒரு சிறு துளை. அதன் வழியே இறங்கும் கதிர் நண்பகலில் அக்கோட்டைக் கடக்கும். 1846 வரை உரோமை நகரத்தார் அதைப் பார்த்தே கடிகாரத்தைத் திருத்தினார்கள். குளித்த இடத்தில் பூசை, பூசை நடக்கும் இடத்திலேயே வானநூல், பக்கத்திலே தானியம், அதற்குப் பக்கத்திலே தவம்! ஒரே கட்டடம் பதினேழு நூற்றாண்டுகளாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

இவ்விடத்தில் வாசகர்களில் சிலர் நம்மை மடக்கக்கூடும். "திருச்சபை எதையுமே இடித்ததில்லையா?" என்று. இடித்திருக்கிறது. கொன்ஸ்தந்தீன் பேரரசர் புனித இராயப்பரின் கல்லறைமேல் எழுப்பிய ஆயிரம் ஆண்டுப் பேராலயத்தைத்தான் இரண்டாம் ஜூலியசு பாப்பரசர் இடிக்கச் சொல்லி, 1506-இல் புதியதற்கு அடிக்கல் நாட்டினார். இடிப்பு வேலையைக் கண்டு மனம் நொந்த உரோமையர், கட்டடக் கலைஞர் பிரமாந்தேக்கு 'இடிப்புக்காரர்' என்றே பட்டம் சூட்டினார்கள். நம் மயிலாப்பூரிலும், போர்த்துக்கீசியர் கட்டிய பழைய கோவிலை அகற்றிய பின்னரே, 1896-இல் அபிஷேகம் செய்யப்பட்ட இன்றைய சாந்தோம் பேராலயம் எழுந்தது. இன்று அந்தப் புதிய கோவிலே நூற்றாண்டு கடந்த செல்வமாகிவிட்டது. ஆகவே, பழையது எதையும் தொடவே கூடாது என்று நாம் வாதிட வரவில்லை. இடிப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும். முதல் யோசனையாக இருக்கலாகாது என்பதே நம் பேச்சு.

இதுவரை சொன்னது, வேறு பயனுக்கு இருந்தது கோவிலான கதை. கோவிலாக இருந்தது வேறொன்றாகும் கதை நம் நெஞ்சைச் சற்று உறுத்தும். ஆயினும் அதையும் கேட்கத்தான் வேண்டும். ஏனெனில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கான கோவில்களின் இன்றைய நிலை அதுவே.

நெதர்லாந்து நாட்டின் தென்கோடியில் மாஸ்திரிக்கு என்னும் பழம்பெரும் நகரம் உண்டு. அங்கே புனித சாமிநாதர் சபைத் துறவிகள் எழுப்பிய கற்கோவில் 1294-ஆம் ஆண்டு அபிஷேகம் பெற்றது. அதன் சுவரில் புனித அக்குவினா தோமையாரின் வாழ்க்கையைச் சித்திரமாகத் தீட்டியிருக்கிறார்கள், ஆண்டு 1337. அவர் புனிதராக உயர்த்தப்பட்டு அப்போது பதினான்கே ஆண்டுகள் கடந்திருந்தன. தங்கள் சபைச் சகோதரனைப் பற்றி அத்துறவிகள் எவ்வளவு பூரித்திருப்பார்கள்!

1794-இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை நகரைப் பிடித்தது. துறவிகள் வெளியேற்றப்பட்டார்கள். கோவிலில் குதிரைகளைக் கட்டினார்கள். அதன்பின் இருநூறு ஆண்டுகள் அது பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று. சரக்குக் கிடங்கு, திருவிழாக் கேளிக்கைக் கூடம், கடைசியில் மிதிவண்டிகளை நிறுத்தும் கொட்டகை! தோமையார் சுவரிலிருந்து அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

2006-இல் அது புத்தகக் கடையாயிற்று. இதைக் கேட்டதும் முதலில் நமக்கும் மனம் ஒப்பவில்லை என்பதை மறைப்பானேன்? ஆனால் செய்திருக்கும் முறையை அறிந்தபோது கோபம் தணிந்தது. இரும்பினால் ஆன கரிய நிறப் புத்தக அடுக்கு ஒன்றை, மாடிமேல் மாடியாக, படிகளோடு நிறுத்தியிருக்கிறார்கள். அது கோவிலின் ஒரு பக்கத்தில் மட்டும் நிற்கிறது. மறு பக்கம் முழு உயரமும் கண்ணுக்குத் தெரியும்படி வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. கற்சுவர்களை நம்பி நிற்காமல் அடுக்கு தன் காலிலேயே நிற்கிறது. நாளை எவரேனும் வேண்டாம் என்றால் கழற்றி எடுத்துச் செல்லலாம். கோவில் காயமின்றி நிற்கும். கழிப்பறைகளையும் சரக்கறையையும் தரைக்குக் கீழே ஒளித்துவிட்டார்கள். மேற்கூரையின் ஓவியங்களும் செப்பம் பெற்றன. மேல்மாடியில் ஏறி நிற்பவர்கள், அன்று சாரம் கட்டி ஏறிய ஓவியர்கள் மட்டுமே கண்ட உயரத்திலிருந்து அவற்றைப் பார்க்கிறார்கள்.

பீடம் இருந்த பகுதியில் சிலுவை வடிவ மேசையிட்டுக் காப்பி விற்கிறார்கள். அது நமக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்வதில் தவறில்லையே! ஆனால் அக்கோவிலை மூடியது புத்தகக் கடைக்காரர் அல்லர். அதை நாம் மறந்துவிடக் கூடாது. குதிரைகளுக்கும் மிதிவண்டிகளுக்கும் பிறகு அங்கே நூல்கள் வந்திருக்கின்றன. போதிப்பதற்கென்றே ஏற்பட்ட சபையின் வீட்டில் நூல்கள்! அந்த வியாபாரமும் தடையின்றி நடந்துவிடவில்லை. கடையை நடத்திய பெரும் நிறுவனம் நொடித்துப்போக, 2014-இல் ஊழியர்களும் ஊர் மக்களும் சேர்ந்து பணம் திரட்டித் தனிக் கடையாக அதை மீட்டார்கள். கட்டடத்தின்மேல் ஊருக்கு ஒட்டுதல் இருந்தபடியால்தானே இது நடந்தது?

இத்தகைய நிலைமைக்குத் திருச்சபையின் சட்டமே வழி சொல்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1222-ஆம் எண்: ஒரு கோவிலை இறைவழிபாட்டுக்கு எவ்வகையிலும் பயன்படுத்த இயலாது, செப்பனிடவும் வழியில்லை என்ற நிலை வந்தால், மறைமாவட்ட ஆயர் அதை உலகியல் பயனுக்கு விடலாம், ஆனால் அப்பயன் இழிவானதாக இருக்கக் கூடாது. வேறு பாரதூரமான காரணங்களுக்காக எனில், குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்டாக வேண்டும். அக்கோவிலில் நியாயமான உரிமை உடையோரின் இசைவும் வேண்டும். ஆன்மாக்களின் நலனுக்கு ஊறு நேரலாகாது. பீடத்தைப் பற்றியோ 1239-ஆம் எண் இன்னும் கண்டிப்பானது. கோவில் எதுவாக மாறினாலும் பீடம் இறைவழிபாட்டுக்கு மட்டுமே உரியது.

2018 நவம்பரில் உரோமை கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு மாநாடு கூடியது. இறைவன் இனி இங்கே குடியிருக்கவில்லையா என்ற கேள்வியையே அதற்குத் தலைப்பாக வைத்தார்கள். அம்மாநாட்டுக்கு அனுப்பிய செய்தியில் திருத்தந்தை பிரான்சிசு, திருச்சபையின் செல்வங்களை ஏழைகளுக்கு அளித்த புனித லவுரேஞ்சியாரை நினைவூட்டினார். கலைச் செல்வங்கள் மதிப்பு மிக்கவை. எனினும் அவற்றை எல்லாவற்றுக்கும் மேலாக வைத்துவிடலாகாது. தேவை எழும்போது அவை மனிதருக்கு, சிறப்பாக ஏழைகளுக்கு, ஊழியம் செய்ய வேண்டும் என்றார். கோவிலைக் கைவிடுவதே முதல் தீர்வாகவும் ஒரே தீர்வாகவும் இருக்கக் கூடாது என்றும், விசுவாசிகள் இடறல்படும்படி அது நிகழக் கூடாது என்றும் எச்சரித்தார். ஆதாயச் சூதாட்டமாகக் கோவில்களைக் கைமாற்றுவது தகாது என்பதே அம்மாநாட்டின் வழியாக வெளிவந்த நெறிமுறைகளின் கருத்தும் ஆகும்.

நெதர்லாந்தின் துயரம் நமக்கு இல்லை. நம் கோவில்கள் ஞாயிறு தோறும் நிரம்பி வழிகின்றன. நம் சிக்கல் நேர்மாறானது. இடம் போதாமையால் இடிக்கிறோம். மக்கள் பெருகியதால் பெரிய கோவில் வேண்டும் என்பது நியாயமே. ஆனால் அதற்காகச் சிறிய பழைய கோவில் மறைந்தே தீர வேண்டுமா? அது நற்கருணை ஆராதனைச் சிற்றாலயமாகலாம். பள்ளியும் மடமும் பங்கு இல்லமும் என்றால் வழிகள் இன்னும் பல. மாலைநேரப் பாடசாலை, நூலகம், முதியோர் பகலில் கூடும் இடம், மருந்தகம், தையற்பயிற்சிக் கூடம், வெளியூரிலிருந்து வேலைக்கு வரும் பெண்பிள்ளைகள் தங்கும் விடுதி. இவற்றுள் எதுவும் இழிவான பயன் அன்று.

பெரியவர் பேசத் தெரியாமல் விட்ட வேறொரு வாதமும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத செலவைப் பற்றியது. சிமெண்ட் உண்டாக்கச் சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 1450 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட வேண்டும். எரிபொருளிலிருந்து மட்டுமன்றி அந்தக் கல்லிலிருந்தே கரியமில வாயு வெளிப்படுகிறது. சிமெண்டினால் வரும் அவ்வாயுவில் பாதிக்கு மேற்பட்டது கல்லிலிருந்து வருவதே. மனிதர் உலகெங்கும் வெளிவிடும் கரியமில வாயுவில் சுமார் 7 அல்லது 8 விழுக்காடு சிமெண்ட் ஒன்றினால் உண்டாகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் பாட்டன்மார் சுட்ட செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் அன்றே விறகு எரிந்துவிட்டது. அந்தச் செலவு தீர்ந்த செலவு. சுவரை இடித்தால் அச்செலவு வீணாகிறது. புதியதற்கு மீண்டும் ஒருமுறை எரிக்கிறோம். இடிபாட்டைக் கொண்டுபோய் எந்த ஏரிக்கரையிலோ கொட்டுகிறோம். திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில், இயற்கைச் செல்வத்தோடு வரலாற்றுச் செல்வமும் கலைச் செல்வமும் ஒருங்கே ஆபத்தில் இருப்பதாகக் குறிப்பிட்டது இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

சென்னையில் ஒரு காட்சி உண்டு. ஆர்க்காட்டு நவாபு 1768-இல் கட்டுவித்த சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதி கலசமகால். நவாபுகளின் ஆட்சி முடிந்தபின் அரசாங்க அலுவலகமாக இருந்தது. 2012 ஜனவரியில் தீக்கிரையாயிற்று. தீயணைக்கச் சென்றவர்களில் ஒருவர் உயிரிழந்தார். கூரையிழந்த சுவர்களைக் கண்டவர்கள் இனி அவ்வளவுதான் என்றே எண்ணியிருப்பார்கள். ஆயினும் பொதுப்பணித் துறையினர் சுண்ணாம்புச் சாந்து அரைத்து அதை மீட்டெடுத்தார்கள். இன்று அங்கே அமர்ந்திருப்பது எது தெரியுமா? காற்றும் நீரும் கெடுவதைக் குறித்த வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு.

சுண்ணாம்பு என்றதும் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். பழைய கட்டடங்களைக் காப்பாற்றப் புறப்பட்டே கெடுத்துவிடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும் சுவர். மழையில் ஈரத்தை வாங்கினாலும் வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் 'உறுதியாக இருக்கட்டும்' என்று சிமெண்ட் பூசிப் பளபளப்பான வண்ணமும் அடித்தால், ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும், உப்புப் பூக்கும், செங்கல் பொரிந்து உதிரும். சில ஆண்டுகளில், "பார்த்தீர்களா, பழைய சுவர் இற்றுவிட்டது" என்று இடிப்பதற்குச் சான்று காட்டுவார்கள். மெட்ராஸ் டெரஸ் கூரைக்கும் இதே கதிதான். தேக்கு உத்திரங்களின்மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பால் பிணைத்த கூரை அது. ஒழுகுகிறதென்று அதன்மேல் கான்கிரீட்டைக் கொட்டினால், அந்தப் பாரம் முழுவதும் உத்திரத்தின் தலையில் ஏறுகிறது. பெரும்பாலும் குற்றம் கூரையில் இராது. அடைத்துக் கிடக்கும் மழைநீர்க் குழாயில் இருக்கும்.

ஆகவே, பங்குப் பேரவை கூடும்போது இடிக்கும் ஒப்பந்தக்காரரை அழைப்பதற்கு முன் வேறு சிலரை அழைத்துப் பார்க்கட்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவர். பழைய கட்டடங்களைச் செப்பனிட்ட அனுபவமுள்ள பொறியாளர் ஒருவர். உத்திரங்களைத் தட்டிப் பார்த்துக் கரையான் எதுவரை ஏறியிருக்கிறதென்று சொல்லக்கூடிய தச்சர் ஒருவர். பழைய மின்கம்பிகளை முழுவதும் மாற்றுவதற்கு எவ்வளவு ஆகும் என்பதையும் கேட்டுவிட வேண்டும். தீ பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது. செப்பனிடும் செலவையும் புதிதாகக் கட்டும் செலவையும் ஒரே தாளில் எழுதி மக்கள்முன் வைக்கட்டும். சில வேளைகளில் செப்பனிடுவதே அதிகச் செலவாகும். அதையும் ஒளிக்க வேண்டாம். அடித்தளமே இறங்கிவிட்டதென்று பொறியாளர் சொன்னால், பிள்ளைகள் நடமாடும் இடத்தில் நாம் பிடிவாதம் காட்டுவது தகாது. அப்போதும் இடிப்பதற்கு முன்னே நிழற்படங்கள் எடுக்கட்டும், அளவுகள் குறிக்கட்டும், அடிக்கல்லையும் தேக்குக் கதவுகளையும் பத்திரப்படுத்தட்டும்.

தாளில் கணக்கு எழுதும் அந்தக் கூட்டத்துக்கு, மூலையில் அமர்ந்த பெரியவரையும் மறவாமல் அழைக்க வேண்டும். அந்தச் சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் எந்த அளவில் சேர்த்தார்கள் என்று தம் பாட்டன் சொல்லக் கேட்ட நினைவு ஒருவேளை அவருக்கு இன்னும் இருக்கலாம்.